எண்ணெயில் கலையும் வேஷம்

பாயான் லெப்பாஸ், கூலிம் வட்டாரத்து மின்னணு ஆலைகளில் ‘கிளீன் ரூம்’ என்றொரு அறை உண்டு. அதற்குள் நுழைகிறவர் முகத்தில் பவுடர், லிப்ஸ்டிக், மஸ்காரா எதுவும் இருக்கக் கூடாது. உலகம் முழுக்கச் சிப் ஆலைகளில் இதுதான் விதி. பவுண்டேஷனுக்கு மறைக்கும் திறனைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் துகள் ஒன்று ஏறக்குறைய கால் மைக்ரோமீட்டர்தான் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒற்றை முடியின் குறுக்கே இந்தத் துகள்களை இருநூற்றுக்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம். சிப்பின் மேல் ஓடும் கோடுகள் அந்தத் துகளைவிடவும் மெல்லியவை. துகள் ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் சிப் பாழ். பழுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, மினுமினுப்புக்கான மைக்கா, பல அழகுப் பொருள்களில் இருக்கும் சோடியம் உப்பு எல்லாமே அங்கே எதிரிகள்.

இதில் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. 1972-ல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது. அதே ஆண்டுகளில் வேறு பல மின்னணு நிறுவனங்களும் வந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலைக்குப் போனார்கள். 1979-ல் ரேச்சல் கிராஸ்மன் இந்த ஆலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், நிர்வாகமே பெண் தொழிலாளர்களுக்கு ஒப்பனை வகுப்புகளும் அழகுப் போட்டிகளும் நடத்தியதைப் பதிவு செய்திருக்கிறார். பூசிக்கொள்ளச் சொல்லித் தந்தார்கள். பூசியதை முகம் நோகாமல் எப்படி எடுப்பது என்பதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் பாலம் கடந்து போகிற பெண்களில் பலர் இன்றும் அதைப் பார்த்துப் பார்த்தும், பட்டுத் தெரிந்தும்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

பட்டுத் தெரிந்துகொள்ளும் முதல் இடம் பெரும்பாலும் பள்ளி மேடைக்குப் பின்புறம். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, கோயில் நவராத்திரி நிகழ்ச்சி, எதுவானாலும் காட்சி ஒன்றுதான். நாட்டியம் முடிந்து வந்த ஏழு வயதுப் பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தி, குளிக்கிற சவர்க்காரத்தை நுரைத்து, ஈரத் துண்டால் கண்ணைச் சுற்றி அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். “அம்மா, எரியுதும்மா!” “கண்ண மூடிக்கோடா, இன்னும் கொஞ்சந்தான்.” மை போகாது. கன்னத்துக்கு இறங்கிச் சாம்பல் திட்டாகப் பரவும். மறுபடி சவர்க்காரம், மறுபடி துண்டு. வீடு போய்ச் சேர்வதற்குள் கண்ணோரம் சிவந்து தடித்துவிடும். அந்த அம்மாவிடம் அக்கறைக்குக் குறைவில்லை. தண்ணீருக்கு இடம்கொடுக்காத ஒன்றைத் தண்ணீரால் எடுக்கச் சொல்லித்தான் நாம் அவரைப் பழக்கியிருக்கிறோம்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வெயிலுக்கும் வியர்வைக்கும் குறைவில்லை. அதனால் இங்கே விற்கும் மை, மஸ்காரா, பவுண்டேஷன் பலவும் ‘வாட்டர்புரூப்’ ரகம். அவற்றின் உடம்பு தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, சிலிக்கோன் பிசின் போன்றவற்றால் ஆனது. கூடவே ஐசோடோடெக்கேன் போன்ற, சீக்கிரம் ஆவியாகிற எண்ணெய் ஒன்று இருக்கும். பூசிய சில நிமிடத்தில் அது பறந்துவிட, மெழுகும் பிசினும் நிறத்துகள்களைப் பிடித்தபடி முகத்தில் மெல்லிய படலமாக இறுகிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. மெழுகின் நீண்ட கார்பன் சங்கிலிகளுக்கு அவற்றின் நடுவில் இடம் கிடைப்பதில்லை. எண்ணெயும் கார்பன் சங்கிலிதான் என்பதால் அது மெழுகின் இடுக்குக்குள் புகுந்து, ஊறி, படலத்தைத் தளர்த்தி, நிறத்துகள்களை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பலாச்சுளை எடுக்கும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாத வீடு நம்மில் உண்டா? கையில் ஒட்டிய பலாப் பாலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தவருக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்து மைக்கும் இதே வேதியியல்தான்.

மேடைக் கலைஞர்களுக்கு இது பரம்பரையாகத் தெரியும். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முகம் எழுதுவதற்கு முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைப்பார்கள். விடிய விடிய ஆடி, பொழுது புலர்ந்ததும் வேஷம் கலைக்கத் திரும்பவும் தேங்காய் எண்ணெய்தான். எண்ணெயில் குழைத்ததை எண்ணெய் விட்டுக் கொடுக்கும். கேரளத்துக் கதகளியிலும் அப்படியே. பச்சையும் சிவப்பும் அப்பிய முகத்தில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, விரல் நுனியால் மெதுவாக வட்டமிட, வீரனும் அரக்கனும் சேறுபோலக் கலங்கி, துணியோடு வந்துவிடுவார்கள். ஏழாம் மாதப் பேய்த் திருவிழாவில் ஜார்ஜ் டவுன் தெருக்களிலும் பட்டர்வொர்த் கோயில் வாசல்களிலும் சீன ஓப்பரா ஆடுகிறவர்களும், ஆட்டம் முடிந்ததும் முதலில் தொடுவது எண்ணெயைத்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரவெல்லாம் அப்பிய வண்ணத்தை, மறுநாள் இரவும் அதே முகத்தில் அப்ப வேண்டும் என்ற கட்டாயம் எல்லோருக்கும் ஒரே விடையைத் தந்திருக்கிறது.

அந்த வண்ணங்கள் சில சமயம் உயிருக்கே உலை வைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. ஜப்பானில் கபுக்கி நடிகர்கள் பூசிய வெண்மை, ஈய வெள்ளை. 1887-ல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்த நாகமுரா ஃபுகுசுகே என்ற நடிகரின் கால் மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது; அது நாள்பட்ட ஈய நச்சு என்று பிறகு தெரிந்தது. ஈயமில்லாத வெள்ளைப் பூச்சைத் தேடி ஜப்பான் இறங்கியதற்கு அந்த நடுக்கம் ஒரு காரணம். வண்ணத்தை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுதாக எடுக்கிறோம் என்பது அந்தக் காலத்து நடிகருக்கு அழகுப் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது.

அதே ஜப்பானிலிருந்துதான் அடுத்த பெரிய அடியும் வந்தது. எண்ணெய் மேக்கப்பைக் கரைத்துவிடும், சரி. கரைத்த எண்ணெயை எப்படி எடுப்பது? துணியால் துடைத்தால் மறுபடி தேய்ப்பு. ஹாலிவுட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒப்பனைக் கலைஞர் ஷூ உயெமுரா 1967-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘கிளென்சிங் ஆயில்’ அந்தச் சிக்கலைத் தீர்த்தது. இந்த வகை எண்ணெயில் கொஞ்சம் பால்மமாக்கி கலந்திருக்கும். ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு அது. உள்ளங்கையில் சில துளி விட்டுப் பாருங்கள்: கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதோடு இரண்டு சொட்டுத் தண்ணீர் சேர்த்து விரலால் கலக்கினால், கண்ணெதிரே சட்டென்று பால் போல வெளுக்கும். வழவழப்பு போய், தண்ணீராக ஓடத் தொடங்கும். எண்ணெய் கோடிக்கணக்கான நுண்துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் மிதக்கத் தொடங்கியதன் அடையாளம் அந்த வெண்மை. ஒவ்வொரு துளியின் வயிற்றிலும் கொஞ்சம் மை, கொஞ்சம் மெழுகு. அப்புறம் தண்ணீர் ஊற்றினால் போதும், துணி வேண்டாம்.

இந்தப் புட்டியில் நம் ஊர் வாசனையும் இருக்கிறது. மாக் மண்டினுக்குத் தெற்கே, பிறை தொழிற்பேட்டையில் செம்பனை எண்ணெயைப் பிரித்தெடுக்கும் ஓலியோகெமிக்கல் ஆலைகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. செம்பனை எண்ணெயில் 44 விழுக்காடு அளவுக்குப் பால்மிட்டிக் அமிலம், 40 விழுக்காடு அளவுக்கு ஓலியிக் அமிலம். எண்ணெயையும் தண்ணீரையும் கடும் அழுத்தத்தில், 250 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் எதிரெதிராகச் செலுத்தினால், எண்ணெய் உடைந்து கொழுப்பமிலமும் கிளிசரினும் தனித்தனியாகக் கிடைக்கும். அந்தக் கொழுப்பமிலத்தோடு ஓர் ஆல்கஹாலைச் சேர்த்தால் எஸ்டர். பால்மிட்டிக் அமிலத்திலிருந்து வரும் எத்தில்ஹெக்சில் பால்மிடேட், ஐசோபுரோப்பைல் பால்மிடேட் என்ற பெயர்களை எந்தக் கிளென்சிங் ஆயில் புட்டியின் பின்புறத்திலும் தேடிப் பாருங்கள், அடிக்கடி அகப்படும். சமையல் எண்ணெயைவிட இவை இலகுவானவை. முகத்தில் விரைந்து பரவி, மெழுகுக்குள் வேகமாக இறங்குபவை.

சமையலறை எண்ணெயே போதுமே என்று கேட்கலாம். மேக்கப்பைக் கரைக்க அது போதும்தான். முகத்தில் விட்டுவைக்கத்தான் அது தகாது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் சைமன் டான்பி குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிவந்த பெரியவர்களின் தோல் தடுப்பு பலவீனமடைந்ததைக் கண்டார்கள். ஓலியிக் அமிலம் தோல் கொழுப்பின் ஒழுங்கைக் குலைப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் மேலானது. பிலிப்பைன்ஸ் ஆய்வுகளில் வறண்ட, அரிக்கும் தோலுக்கு அது நன்மையே செய்திருக்கிறது. ஆனால் அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம், நம் தோலில் குடியிருக்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். முகத்தில் எண்ணெய் வடிகிறவர்கள், நெற்றியில் சிறு சிறு பருக்கள் வருகிறவர்கள் அதை இரவெல்லாம் விட்டுவைக்காமல் இருப்பது நல்லது. கூத்துக் கலைஞர் எண்ணெய் தடவிவிட்டுக் குளிக்கப் போகிறார் என்பதை மறக்கக் கூடாது.

இனி அந்தத் தோலைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். மேக்கப் உட்காரும் மேலடுக்குக்குக் கொம்படுக்கு என்று பெயர். முகத்தில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் படலம்தான் உடம்பின் நீரை உள்ளேயும் உலகத்தின் அழுக்கை வெளியேயும் நிறுத்துகிறது. தட்டையான இறந்த செல்கள் பல அடுக்காகப் படிந்திருக்க, அவற்றின் இடுக்கெல்லாம் கொழுப்பு நிரம்பியிருக்கும். அதில் எடைக்கணக்கில் பாதியளவு செராமைடு, கால்பங்கு கொலஸ்டிரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பமிலம். அதாவது, மேக்கப்பும் கொழுப்புச் சார்ந்தது, தோலின் காவலும் கொழுப்புச் சார்ந்தது. மேக்கப்பைப் பறிக்கிற எதுவும் காவலையும் கொஞ்சம் பறிக்கவே செய்யும். முகம் கழுவுவதில் உள்ள மொத்தச் சங்கடமும் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. நல்ல முறை என்றால், மேலே கிடக்கும் கொழுப்பைக் கரைத்து, இடுக்கில் இருக்கும் கொழுப்பைத் தொடாமல் விடுவது. எண்ணெய் மேலோட்டமாக நின்று வேலை செய்கிறது. கடுமையான சவர்க்காரமும் நுரைப்பான்களும் உள்ளே இறங்கி, செல்களின் புரதத்தையே பிடித்துக்கொள்கின்றன. சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பானைத் தோல் மருத்துவ ஆய்வகங்களில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? வேண்டுமென்றே தோலில் எரிச்சலை உண்டாக்கி, அதன் தாங்குதிறனை அளக்க.

இன்னொன்று அமிலத்தன்மை. ஆரோக்கியமான முகத்தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியே இருக்கும். ஜெர்மானியர்களான ஹைன்ரிஹ் ஷாடேயும் ஆல்ஃபிரட் மார்க்கியோனினியும் 1928-லேயே இந்த ‘அமிலப் போர்வை’யைப் பற்றி எழுதிவிட்டார்கள். செராமைடை உருவாக்கும் நொதிகளுக்கு இந்த அமிலச் சூழல் வேண்டும். நாம் குளிக்கிற கட்டிச் சவர்க்காரத்தின் பிஎச் 9, 10. அதைப் போட்டுக் கழுவியபின் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை பழுது பார்க்கும் வேலை மந்தமாகிறது. காலை, மாலை இரு வேளையும் இதே பாடு என்றால் தோலுக்கு ஓய்வே இல்லை. கழுவியதும் முகம் ‘இறுக்கமாக, சுத்தமாக’ இருக்கிறது என்று நாம் மகிழ்வது, தோல் தன் கொழுப்பையும் நீரையும் இழந்ததன் அறிகுறி. தண்ணீரும் இதில் கைவைக்கும். கால்சியம் மிகுந்த கடினநீரில் கழுவினால் நுரைப்பான் தோலிலேயே அதிகம் தங்கி எரிச்சலைக் கூட்டுகிறது என்று டான்பி குழு 2018-ல் காட்டியது. பினாங்குக் குழாயில் வருவதில் பெரும்பகுதி மூடா ஆற்று நீர், கடினநீர் அல்ல. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் அளவுக்கு இந்தத் தொல்லை நமக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட நம் நிறத்தவர் அஞ்ச வேண்டியது தேய்ப்பு. வெளுத்த தோலைத் தேய்த்தால் சிவக்கும், பிறகு ஆறிவிடும். மாநிறமும் கறுப்புமான தோலில் எரிச்சல் ஆறியபின்னும் நிறமி தங்கிவிடும். மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். நைலான் துண்டு, பீர்க்கங்கூடு போன்றவற்றால் உடம்பை அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு எலும்பு மேடுகளில் படரும் கருமையை ஜப்பானிலும் இந்தியாவிலும் தோல் மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணைச் சுற்றிய கருவளையத்துக்கு நாம் தூக்கமின்மையைத் திட்டுகிறோம். தினம் மை அழிக்கத் தேய்க்கிற பஞ்சையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவுதான். அங்கே அழுத்துவதற்கு உரிமை யாருக்கும் இல்லை என்றே சொல்வேன்.

அப்படியானால் இமையில் என்ன செய்வது? காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். கண் மேக்கப் நீக்கி என்று பார்மசியில் இரண்டு அடுக்காக நிற்கும் திரவம் விற்கிறார்களே, மேலடுக்கு இலேசான எண்ணெய், கீழடுக்கு தண்ணீர். குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் வைத்து அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மெழுகு ஊறுவதற்கு அந்த நேரம் தேவை. பொறுமையின் பெயரால் சொல்லவில்லை, கரைவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். பிறகு இமை மயிர் போகும் திசையில், கீழ்நோக்கி, ஒரே இழுப்பு. வராததற்கு மறுபடி பஞ்சை வைத்துக் காத்திருப்பதே வழி. முகத்துக்குக் கிளென்சிங் ஆயில் என்றால், காய்ந்த கை, காய்ந்த முகம். ஈரம் இருந்தால் எண்ணெய் மேக்கப்பைத் தொடும் முன்னரே பாலாகிவிடும். விரல் நுனியால் ஒரு நிமிடம், பிறகு சில சொட்டுத் தண்ணீர், வெளுத்ததும் அலசல். வெறும் தேங்காய் எண்ணெய் தடவியவர்கள் அதன்பின் பிஎச் 5.5 அளவுள்ள மென்மையான பேஸ் வாஷ் போட்டுக்கொள்ள வேண்டும், தேங்காய் எண்ணெயில் பால்மமாக்கி இல்லாததால். வெந்நீர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதக் கிரீம்.

‘மைசெல்லர் வாட்டர்’ இப்போது எல்லா அலமாரியிலும் இருக்கிறது. தண்ணீரில் மென்மையான நுரைப்பான் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகக் கூடி, எண்ணெய் விரும்பும் வாலை உள்ளே மறைத்துக்கொண்டு மிதக்கும். பஞ்சில் பட்டதும் அழுக்கு அந்த வயிற்றுக்குள் போகும். இலேசான மேக்கப்புக்கு நல்லது. அலச வேண்டாம் என்று புட்டியில் எழுதியிருந்தாலும் அலசிவிடுங்கள். எவ்வளவு மென்மையானாலும் அது நுரைப்பான்தான், இரவெல்லாம் தோலில் இருக்க அதற்கு வேலையில்லை. ஈரக் காகித ‘வைப்ஸ்’ எனக்குப் பிடிப்பதில்லை: தேய்ப்பும் உண்டு, அலசலும் இல்லை. பதப்படுத்தச் சேர்த்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளால் உலகெங்கும் தோல் அழற்சி பெருகி, 2013-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவிக்க நேர்ந்தது. ஐரோப்பா பிறகு, பூசி விட்டுவைக்கும் பொருள்களில் அதைத் தடையே செய்துவிட்டது.

நம் பெண்களுக்கே உரிய ஒன்று ஒட்டுப்பொட்டு. அதன் பசையில் பயன்படும் பாரா டெர்ஷரி பியூட்டைல் பீனால் சார்ந்த பிசின் சிலருக்கு அரிப்பைத் தரும். இன்னும் சிலருக்கு நிறமி செல்களையே அழித்து நெற்றி நடுவில் வெள்ளைத் திட்டை விட்டுவிடும். இந்தியத் தோல் மருத்துவ இதழ்களில் இது பழகிய செய்தி. பொட்டைப் பிய்க்காமல் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பசை இளகியபின் எடுப்பதும், மிச்சப் பசையையும் எண்ணெயாலேயே நீக்குவதும், இரவில் பொட்டோடு தூங்காமல் இருப்பதும் நல்லது. அரிப்போ வெளுப்போ கண்டால் ஒட்டுப்பொட்டை அன்றைக்கே விட்டுவிட வேண்டும்.

இத்தனையும் கவனித்தும், வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது என்றால், மேக்கப்பையும் நீக்கியையும் குற்றம் சொல்லாமல், இரவில் பூசும் ‘வெளுக்கும் கிரீம்’ என்ன என்று பார்க்க வேண்டும். பசார் மாலாமிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் இந்தக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கண்டுபிடித்து, நமது தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்ப அனுமதி ரத்துப் பட்டியல் வெளியிட்டுவருகிறது. ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும். டிரெட்டினோயின் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் போட்டால் உரியவைக்கும். பாதரசம் தோலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போகும். மலேசியாவில் முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு ‘நாட்’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் ஒன்று உண்டு. அந்த அமைப்பின் இணையத் தளத்தில் அதைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாத டப்பா வீட்டில் இருந்தால், முகத்தில் போடுவதை நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.